வரப்பில் ஸ்ட்ரெச்சர் போகுமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்): வேதாரண்யம் வட்டத்தில் கடலோரத்தை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றும் மருத்துவர் நான். எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறேன். ‘வைல்டர்னஸ் மெடிசின்’ என்ற துறையில் வெளிநாட்டில் வரும் நவம்பரில் நடக்கவிருக்கும் பத்து நாள் பயிற்சியில் சேர விரும்புகிறேன். பயணத்தையும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். “மலையும் இல்லை, பனியும் இல்லை, நாலு பக்கமும் வயல், உனக்கு எதற்கு இந்தப் படிப்பு?” என்று உடன் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். இந்தப் பயிற்சி எங்கள் பகுதிக்குப் பயன்படுமா? செவிலியர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் இதைக் கற்றுத் தர முடியுமா? நவம்பருக்கு விடுப்பு கேட்கலாமா?

அன்புள்ள மருத்துவருக்கு,

வணக்கம். உங்கள் நண்பர்களின் கேலிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அந்தக் கேலிக்குள் இருக்கும் பிழை அவர்களுடையது மட்டும் அன்று, துறையின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வைல்டர்னஸ்’ என்றதும் அடர்காடும் பனிச்சிகரமும்தான் யாருக்கும் கண்முன் வரும். 1983இல் அமெரிக்காவில் வைல்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டி தொடங்கப்பட்டபோது அதன் கவனமும் பெரும்பாலும் மலை, பாலை, கடல் என்றே இருந்தது. ஆனால், அத்துறை தன் எல்லையை வகுத்துக்கொள்ளும் அளவுகோல் நிலம் அன்று, நேரம். முழுமையான சிகிச்சை கிடைக்கும் இடத்தைச் சென்றடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் (இரண்டு மணி நேரம் என்று கொள்பவர்களும் உண்டு), கையில் இருக்கும் கருவிகள் சிலவே என்றால், மழையோ வெயிலோ இருட்டோ நோயாளிக்கும் உங்களுக்கும் சேர்ந்தே தொல்லை தருமென்றால், அங்கே செய்யப்படும் மருத்துவம் அத்துறையைச் சேர்ந்தது. நம் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: எட்டாக்கை. காட்டு மருத்துவம், வனாந்தர மருத்துவம் என்றெல்லாம் மொழிபெயர்ப்பதைவிட ‘எட்டாக்கை மருத்துவம்’ என்று சொன்னால் உங்கள் நண்பர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் டெல்டாவில் எட்டாத இடமே இல்லை. ஊருக்கு ஊர் சாலை, சாலைக்குச் சாலை பேருந்து. ஆனால், ஐப்பசி மழையில் ஓர் இரவு, வயல் நடுவே களத்துக் கொட்டகையில் படுத்திருந்தவரைப் பாம்பு கடித்தால், கொட்டகையிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதற்கே அரைமணி ஆகும். கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் மீன்பிடிக்கச் சென்றவருக்கோ படகை விட்டால் வேறு வழியே இல்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் உங்கள் வட்டத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. மரங்கள் சாலைகளை மறித்து, மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்த அந்த நாட்களில் வேதாரண்யம் முழுவதுமே எட்டாக்கையாகத்தான் இருந்தது. ஆகவே, இத்துறை உங்களுக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், கட்டாயம் வேண்டும் என்பதே. மூன்று லட்சம் ரூபாய் செலவழித்து இந்த ஆண்டே அதைக் கற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் நான் எதை வலியுறுத்துகிறேன் என்பது விளங்கும். படிப்பை முடித்த மூன்றாம் ஆண்டில், திருவாரூருக்குத் தெற்கே ஒரு சிறிய மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். விடியற்காலை நான்கரை மணிக்கு இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரை அவருடைய அண்ணன் அழைத்து வந்தார். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. வயிறு மென்மையாக இருந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. எங்கே படுத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. அமிலத்துக்கு ஓர் ஊசியைப் போட்டு, வராந்தா பெஞ்சில் படுக்கச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஆறரை மணிக்கு இரவுச் செவிலியர் வந்து கதவைத் தட்டி, “டாக்டர், அந்தப் பையன் தூங்கலை. முழிச்சுத்தான் இருக்கான், இமையைத்தான் தூக்க முடியலை” என்றார். நாற்பது வயதைக் கடந்த அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. களத்துமேட்டில் வெறுந்தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. வீக்கம் இல்லை, கடித்த தடமும் தெரியவில்லை. அங்கே விஷமுறிவு மருந்தும் இல்லை. ஒரு வேனைப் பிடித்து, செவிலியர் இரண்டு கைகளாலும் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நோயாளியின் அண்ணன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அம்பு பையை (முகமூடி வழியாக மூச்சைச் செலுத்தக் கையால் அழுத்தும் ‘ஆம்பு பேக்’) அழுத்திக்கொண்டே வந்தார். செயற்கைச் சுவாசக் கருவியில் பல நாட்கள் இருந்து அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். என்னால் பிழைத்தார் என்று நான் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த இரவில் எனக்கு இல்லாமல் போனது பாட அறிவு அன்று. கட்டுவிரியன் இரவில் கடிக்கும், வலி இருக்காது, வயிற்றுவலியோடு தொடங்கி இமை சரிந்து பின்பு மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும் என்பதெல்லாம் தேர்வில் நான் எழுதியவைதாம். நரம்பு முனையில் அதன் விஷம் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை விஷமுறிவு மருந்தால் திரும்பப் பெற முடியாது, அது தேறும்வரை மூச்சைக் கொடுத்துக் காப்பதுதான் சிகிச்சை என்பதும் தெரியும். தெரியாமல் போனவை இரண்டு. ஒன்று, மழைக்காலத்தில் விடியற்காலை வயிற்றுவலியோடு வரும் ஒவ்வொருவரிடமும் “எங்கே படுத்திருந்தீர்கள், தரையிலா?” என்று கேட்டு, இமையை நிமிர்த்திப் பார்க்கச் சொல்லும் பழக்கம். இரண்டு, ஓடும் வண்டியில் ஒரு மணி நேரம் அம்பு பையை அழுத்தும் பயிற்சி. மருத்துவக் கல்லூரியில் பொம்மையின் மீது இரண்டு நிமிடம் அழுத்தினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்குள் வென்டிலேட்டர் வந்துவிடும் என்பது அந்தப் பயிற்சியின் எழுதப்படாத அனுமானம். அந்த இரண்டு நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் நடுவில்தான் எட்டாக்கை மருத்துவம் இருக்கிறது. முகமூடியை ஒருவர் இரு கைகளாலும் பிடிக்க, மற்றொருவர் பையை அழுத்த வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கை மாற வேண்டும். வண்டி குலுங்கும்போது முகமூடி விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உங்கள் 108 வண்டியிலேயே, வேதாரண்யத்திலிருந்து அடுத்த ஊர்வரை ஒரு தடவை பொம்மையை வைத்துச் செய்து பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் விரல் மரத்துப்போவதை உணர்வீர்கள்.

பாம்புக்கடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெல்டாவில் இந்தப் பயிற்சியின் முதுகெலும்பே அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடி விஷத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற இலக்கோடு 2024இல் இந்திய அரசும் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆனால், திட்டம் கடைசியில் வந்து நிற்பது உங்கள் மேசைமேல் இருக்கும் ஒரு கண்ணாடிக் குழாயில்தான். இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை என்று படித்திருப்பீர்கள்: நாளத்திலிருந்து இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். இவ்வளவு எளிய சோதனை கெட்டுப்போகும் விதங்களைப் பாருங்கள். சோப்புத் தூள் போட்டுக் கழுவிக் காயவைத்த குழாயில் நல்ல இரத்தமும் உறையாது, பிளாஸ்டிக் குழாயையும் நம்ப முடியாது, உறவினர் ஒருவர் “ஆச்சா?” என்று எட்டாவது நிமிடத்தில் குழாயை எடுத்து ஆட்டிவிட்டால் முடிந்தது கதை. எனவே, உங்கள் முதல் பயிற்சி நாளில், நல்ல உடல்நலத்தோடு இருக்கும் உங்கள் ஊழியர் ஒருவரின் இரத்தத்தை இரண்டு குழாய்களில் எடுங்கள். ஒன்று புதியது, மற்றொன்று சோப்புத் தூளில் கழுவியது. இருபது நிமிடம் கழித்து இரண்டையும் அவர்கள் கையாலேயே சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் யாரும் பழைய குழாயைத் தொட மாட்டார்கள்.

விஷம் ஏறியதற்கான அறிகுறி உறுதியானால், மருந்தை உங்கள் நிலையத்திலேயே தொடங்குங்கள்: பத்து குப்பிகள், உப்புநீரில் கலந்து, ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மருந்தே தொடங்காமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த அச்சத்துக்கு மருந்து, முதல் சொட்டு இறங்குவதற்கு முன்பே அரை மில்லிகிராம் அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொள்வதும், தொடையில் யார் போடுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுமே. ஓர் எச்சரிக்கை: நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. வலையில் சிக்கிய கடற்பாம்பு கடித்து வரும் மீனவருக்கு அது பயன் தராது. அவருக்கு வேண்டியது மூச்சுக்கான உதவியும், சிறுநீரின் நிறம் கறுக்கிறதா என்ற கண்காணிப்பும், விரைவான இடமாற்றமும்.

இனி, தலைப்பில் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பாடநூல்கள் நோயாளியைத் தூக்கிச் செல்லும் முறைகளைப் படத்தோடு விளக்குகின்றன; ஸ்ட்ரெச்சரின் பக்கத்துக்கு மூவராக ஆறு பேர். மலைப்பாதைக்கு அது சரி. சென்ற தை மாதம், அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு கிராமத்தில் நாங்கள் பயிற்சி நடத்தினோம். மருந்தாளுநர் ஒருவர் நோயாளியாக நடித்தார். நல்ல கனமான உடம்பு. வரப்பின் அகலம் ஒன்றரை அடி. ஸ்ட்ரெச்சரின் இரு பக்கமும் நின்று தூக்கியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காலை வரப்பின் சரிவிலும் மற்றொரு காலை முழங்கால் ஆழச் சேற்றிலும் வைத்து நடக்க வேண்டியிருந்தது. நாற்பது தப்படி போவதற்குள் செவிலியர் ஒருவர் வழுக்கி விழ, மருந்தாளுநர் உண்மையாகவே கத்திவிட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கட்டில் வேலைக்காகாதுங்க, தூளி கட்டுங்க” என்று சொல்லிவிட்டு, தாமே ஒரு மூங்கிலையும் எட்டு முழ வேட்டியையும் கொண்டுவந்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வரப்பின் அகலம் போதுமானதாக இருந்தது. பத்து நிமிடத்தில் சாலைக்கு வந்துவிட்டோம்.

ஆனால், பெரியவர் கொடுத்த தீர்வை மருத்துவக் கண்ணோடு திருத்திக்கொள்ள வேண்டியதும் இருந்தது. தூளியில் உடல் வளையும்போது முகவாய் நெஞ்சில் போய் முட்டும். மூச்சுத் தசை சோர்ந்துகொண்டிருப்பவருக்கு அந்த நிலையே மூச்சை அடைத்துவிடும். ஆகவே, தோள்களுக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்துக் கழுத்தைச் சற்றே நிமிர்த்த வேண்டும். நோயாளியின் தலை பின்னால் வருபவரின் பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஒருவர்தாம் நடந்துகொண்டே முகத்தைப் பார்க்க முடியும். தென்னையிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டவரையோ தூளியில் தொங்கவிடவே கூடாது. அவருக்குக் கதவுப் பலகைதான். அதைத் தூக்க ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேரும் வரப்பை விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். பயிர் மிதிபட்டால் மிதிபடட்டும். இந்த மூன்று முடிவுகளையும் எந்தப் பயிற்சி நிறுவனமும் உங்களுக்குச் சொல்லித் தராது. ஆனால், இப்படி யோசிக்கும் முறையை ஒரு நல்ல நிறுவனம் கற்றுத் தரும். அதற்காகத்தான் அந்தப் படிப்பை நான் மதிக்கிறேன்.

வெயிலுக்கும் அதே யோசனை முறைதான். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் சித்திரை வெயிலில் ஒருவர் உளறிக்கொண்டே விழுகிறார். உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல். வழக்கமாக என்ன நடக்கும்? நிழலில் போட்டு, நெற்றியில் ஈரத்துணி வைத்து, வண்டி வருவதற்காகக் காத்திருப்பார்கள். வந்ததும் ஏற்றி அனுப்புவார்கள். வெப்பத்தாக்குதலில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் இடமாற்றம். அதிலும் முதல் அரைமணி நேரத்துக்குள் குளிர்விக்க வேண்டும். இதற்குக் குளியல் தொட்டி தேவையில்லை. உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயில் நோயாளியைக் கிடத்தி, நாலு முனையையும் ஆட்கள் தூக்கிப் பிடித்து, தொட்டிபோல் ஆன அதற்குள் தண்ணீரைக் கொட்டி, ஆறுகாட்டுத்துறையில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் பாரில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பக்கத்துக்குப் பக்கம் அசைத்தால் அதுவே போதும். உடல் வெப்பம் 39 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பாராசிட்டமால் இங்கே எந்த உதவியும் செய்யாது. தார்ப்பாயும் ஐஸும் உப்பளத்துக்கு அருகில் எங்கே இருக்கின்றன என்பதை சித்திரை பிறப்பதற்கு முன்பே நீங்கள் கணக்கெடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

ஆற்றிலும் வாய்க்காலிலும் மூழ்கியவரைக் கரையேற்றியதும் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் நம் ஊரில் ஒழியவில்லை. மூழ்கியவரின் இதயம் நிற்பது மூச்சு நின்றதால். எனவே முதலில் மூச்சைக் கொடுத்துவிட்டே மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும். கையால் மட்டும் அழுத்தும் முறை இவர்களுக்குப் போதாது. இடி விழுந்த இடத்தில், யாரை முதலில் பார்ப்பது என்ற வழக்கமான வரிசை தலைகீழாகிவிடும்: நடவு வயலில் பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு, அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மற்றவரின் இதயம் தானே மீண்டும் துடிக்கத் தொடங்கியும்கூட, மூச்சு கொடுக்க ஆளில்லாமல் அவர் போய்விடக்கூடும். கண்மணி விரிந்திருப்பதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். திருக்கை முள் குத்தியவரின் காலை, பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் (45 டிகிரியைத் தாண்டாமல்) வைத்தாலே வலி இறங்கும். சூட்டை அவருடைய மற்றொரு காலில் ஊற்றிப் பார்த்துவிட்டு வையுங்கள். டீக்கடை இருக்கும் ஊரில் இதற்குத் தட்டுப்பாடு இல்லை.

மலை நமக்குத் தேவையே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவாக முக்திநாத்துக்குப் புறப்படுகிறார்கள். ஏறத்தாழ 3,700 மீட்டர். போவதற்கு முந்தைய வாரம் “ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள்” என்று உங்களிடம் வருவார்கள். ஒரே நாளில் ஏறிவிடக் கூடாது என்பதையும், தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறக் கூடாது என்பதையும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் கீழே இறங்குவதுதான் மருந்து என்பதையும் சொல்லுங்கள். உயர்மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை அதற்குப் பிறகுதான். உயர்மலை நோயைப் பற்றிய முதன்மையான ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டுப் படைவீரர்களிடமிருந்தே வந்தது: 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் எழுதிய கட்டுரை 1969இல் வெளியானது.

செவிலியர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் கற்றுத் தர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவர்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கற்றுக்கொண்டால் பாதிப் பயன்கூட இராது என்பதற்கு அந்த வேனில் பை அழுத்திய அண்ணனே சாட்சி. கிராம சுகாதார செவிலியர், 108 ஊழியர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள், படகு வைத்திருப்பவர்கள் என்று வட்டத்தை விரிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறதல்லவா, விசைப்படகு மீனவர்களுக்குப் பயிற்சி தர அதைவிட நல்ல காலம் கிடையாது. ஃபைபர் படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள். அவர்களுக்கு மாலை நேரம்தான் வசதி.

பயிற்சியை மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டி நடத்தாதீர்கள். மாதம் ஒருமுறை, அரை நாள், ஒரே ஒரு நோயாளி. அதுவும் அந்தப் பருவத்துக்கு உரியவராக இருக்க வேண்டும். ஐப்பசியில் கட்டுவிரியன், சித்திரையில் உப்பளம், தண்ணீர் திறந்துவிடும் ஆனியில் வாய்க்காலில் மூழ்கிய சிறுவன், பூச்சிமருந்து அடிக்கும் பருவத்தில் எச்சில் ஒழுகி வியர்த்துச் சுருண்டு கிடப்பவர். ஆண்டுக்கு ஒருமுறையாவது உண்மையான இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் செய்யுங்கள். சிரிஞ்சில் மருந்தின் அளவைப் படிக்க முடியாமல் எத்தனை பேர் திணறுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, யார் தவறினார் என்பதை விட்டுவிட்டு எந்த இடத்தில் நேரம் போனது என்பதைப் பேசுங்கள். கடித்த நேரம், கண்ட நேரம், மருந்து தொடங்கிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நோயாளியோடு அனுப்பும் பழக்கத்தையும் அந்த அரை நாளிலேயே உண்டாக்குங்கள். அந்தத் தாளின் நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, செந்தேள் கொட்டியவர்களுக்குப் பிரசோசின் என்ற மருந்து உதவும் என்பதை நிறுவிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கரின் முதலீடு, தம்மிடம் வந்த நோயாளிகளைப் பற்றி விடாமல் எழுதி வைத்த குறிப்புகள்தாம்.

நீங்கள் மட்டும் தனியாகச் செய்ய வேண்டியவையும் உண்டு. அடிப்படை உயிர்காப்பு, மேம்பட்ட இதய உயிர்காப்பு, விபத்துச் சிகிச்சை ஆகிய பயிற்சிகளை இன்னும் முடிக்கவில்லை என்றால் அவற்றை முதலில் முடியுங்கள். அவை இல்லாமல் வைல்டர்னஸ் பயிற்சிக்குப் போவது அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவதாகும். ஒரு விடுமுறை நாளில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலிக்குப் போய், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நான்கு பாம்புகளையும் உயிரோடு பாருங்கள். படத்தில் பார்த்த கட்டுவிரியனுக்கும் கண்முன் நெளியும் கட்டுவிரியனுக்கும் உள்ள தூரம் அதிகம். நோயாளி வீட்டார் அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரும் பாம்பை அடையாளம் காண அது உதவும்.

சான்றிதழைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வைல்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டி வழங்கும் ஃபெலோஷிப்பும், 1997 முதல் சர்வதேச மலையேற்ற, மலைமீட்பு அமைப்புகளின் ஏற்போடு நடக்கும் மலை மருத்துவ டிப்ளமோவும் மதிப்புள்ளவை. ஆனால், இவை உங்களுக்குப் பதவி உயர்வு தரும் முதுநிலைப் பட்டங்கள் அல்ல. பட்டம்தான் நோக்கம் என்றால் அவசர மருத்துவத்தில் எம்.டி. படியுங்கள். பத்து நாள் பயிற்சியிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, நடிப்பு நோயாளிகளோடு நாள்தோறும் வெட்டவெளியில் உழலும் அனுபவமும், அதை நடத்துபவர்கள் பயிற்சியை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பும். அதைப் பார்ப்பதற்காக நீங்கள் ஒருநாள் கட்டாயம் போக வேண்டும். போவதற்கு முன்பு, அங்கே எத்தனை மணி நேரம் வகுப்பறை, எத்தனை மணி நேரம் வெளியிடம் என்று எழுதிக் கேளுங்கள். பாதிக்கு மேல் வகுப்பறை என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

நவம்பருக்கு விடுப்பு கேட்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. கஜா வந்ததும் அதே மாதத்தில்தான். பாம்புக்கடி மிகுந்து, சாலை மூழ்கி, நீங்கள் உங்கள் நிலையத்தில் இருந்தாக வேண்டிய முப்பது நாட்களில் பத்து நாட்களை, எட்டாக்கை மருத்துவம் கற்பதற்காக வெளிநாட்டில் செலவிடுவது பொருத்தமாக இல்லை. மாசி, பங்குனியில் அடுத்த தொகுதி இருக்கிறதா என்று அவர்களிடம் விசாரியுங்கள். அதற்குள் ஐப்பசியில் முதல் பயிற்சியை உங்கள் ஊர் வரப்பிலேயே நடத்திப் பார்த்துவிட்டு, யார் எந்த இடத்தில் இடறினார்கள், எத்தனை நிமிடத்தில் சாலைக்கு வந்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய பரிந்துரைக் கடிதத்தை அதைப் படித்த பிறகு எழுதித் தருகிறேன்.